15 மி.மீ.யா, 28 மி.மீ.யா? இரு தரப்புப் படையையும் நாமே திரட்டும் கணக்கு

மேசைப் போர் விளையாட்டுக்குள் நுழைபவர் படையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மேசையில் நிறுத்தும் சிற்றுருவங்களின் அளவை, அதாவது ஓர் ஆள் உருவத்தின் உயரத்தை, தேர்ந்தெடுத்தாக வேண்டும். பண்டைய, இடைக்காலப் படைகளைப் பொறுத்தவரை போட்டி பெரும்பாலும் 15 மி.மீ.க்கும் 28 மி.மீ.க்கும் இடையில்தான். ஹன்னிபால் காலத்து ரோமானியப் படை, அதை எதிர்க்கும், ஹன்னிபால் தலைமையிலான வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் படை இரண்டையும் 15 மி.மீ.யில் தீட்டி முடித்து ஆடி வருகிறேன். அதற்கு முன் 28 மி.மீ. பிளாஸ்டிக் உருவங்களில் இடைக்கால ஆங்கிலேயக் குழு ஒன்றைத் தீட்டியிருக்கிறேன். என் சாய்வு 15 மி.மீ. பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். தனி உருவமாகக் கையில் எடுத்துப் பார்க்க 28 மி.மீ. அழகு. முகபாவம், கவசத்தின் கண்ணிகள், கேடயத்துச் சின்னம் எல்லாம் தெரியும். விக்ட்ரிக்ஸ், பெர்ரி ஆகிய நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தபிறகு விலையும் முன்போல் மிரட்டுவதில்லை. 15 மி.மீ. உருவங்கள் பெரும்பாலும் உலோக வார்ப்பு. எசெக்ஸ், ஸிஸ்டன் போன்ற நிறுவனங்கள் இன்றும் வார்த்துத் தருகின்றன. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இவை தனி ஆட்களாகத் தெரியாது, அணிவகுப்பாகத் தெரியும். எனக்கு வேண்டியது அந்த அணிவகுப்புதான். ஆனால் அது ரசனை சார்ந்தது, அதில் வழக்காட எதுவும் இல்லை.

வழக்காட வேண்டியது வேறொன்று. ஐரோப்பிய நகரங்களில் இந்த விளையாட்டுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு படையோடு வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆட நினைக்கும் என்னைப் போன்றவருக்கு அந்த வசதி கிடையாது. வீட்டுக்கு வரும் நண்பருக்கோ அக்காள் மகனுக்கோ விதிகளைச் சொல்லிக்கொடுத்து எதிரே உட்காரவைக்க வேண்டும். அவர் கையில் படை இருக்காது. ஆக, இரண்டு படைகளையும் நான்தான் வைத்திருக்க வேண்டும். அதிலும் பண்டைய காலப் போர்களுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: அந்தப் படைகள் ஒன்றோடொன்று உண்மையில் மோதியவையாக இருந்தால்தான் ஆட்டம் உயிர்பெறும். ரோமானியர்களுக்கு எதிரே 1415-இன் பிரெஞ்சு மாவீரர்களை நிறுத்திப் போட்டி ஆடலாம், விதிகளும் இடம் தருகின்றன. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

இரண்டு படை என்று வந்துவிட்டால் மொத்த உழைப்பும் இரட்டிக்கிறது. இங்கேதான் அளவு முடிவுசெய்கிறது. நான் ஆடுவது டிபிஏ விதிகள். பில் பார்க்கர், ரிச்சர்ட் பாட்லி ஸ்காட் இருவரும் எழுதி 1990-இல் வெளியானவை. படைக்கு 12 அலகுகள் மட்டுமே. ஒவ்வொரு அலகும் ஒரு தட்டில் ஒட்டிய சில உருவங்கள். முறைக்கு ஒருமுறை பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தகுந்தபடி அலகுகளை நகர்த்த வேண்டும். நான்கு அலகுகளை இழந்து, அந்த இழப்பு எதிரியினுடையதைவிட அதிகமாகவும் இருந்தால் தோல்வி. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல்முறை ஆடுபவரும் சலிப்படைவதற்குள் முடிவைப் பார்த்துவிடுவார்.

இந்த விதிகளில் என் ரோமானியப் படை இப்படி அமைகிறது: குதிரைப்படை 2, வாள்வீரர் 6, ஈட்டி வீரர் 2, முன்னே ஓடி எறிபவர் 2. மொத்தம் 42 உருவங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்லும் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவில் முதல் இரு வரிசை வாள்வீரர்களான ஹஸ்தாதி 1,200, பிரின்கிபெஸ் 1,200, ஈட்டி வீரர்களான திரியாரி 600, முன்னே ஓடி எறிபவர்களான வெலிதெஸ் 1,200. முதல் இரு வரிசைகளுக்கும் திரியாரிக்கும் உள்ள விகிதம் நான்குக்கு ஒன்று, என் மேசையில் மூன்றுக்கு ஒன்று. ஒரு பெரும்படையை 42 உருவங்களில் அடக்கும்போது இவ்வளவு நெருக்கமாக வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

‘இதே 42 உருவங்களை 28 மி.மீ.யிலும் வாங்கலாமே, எண்ணிக்கை மாறாதே’ என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உயரம் ஏறத்தாழ இரட்டித்தால் தீட்ட வேண்டிய பரப்பு மூன்றரை மடங்காகிறது. உலோகமாக இருந்தால் எடை ஆறரை மடங்கு. தவிர, 28 மி.மீ. உருவத்தில் கண் தீட்டாமல் விட்டால் அது குறையாகத் தெரியும். 15 மி.மீ.யில் அடிப்படை வண்ணங்கள், மேலே ஒரு கருஞ்சாய மெழுகல், மேடான இடங்களில் வெளிர் பூச்சு ஆகிய மூன்றும் போதும். டிபிஏ அலகின் அகலம் 15-க்கு 40 மி.மீ., 28-க்கு 60 மி.மீ. ஆடுகளமாக, பழைய பதிப்பின்படி முன்னதற்கு இரண்டடிச் சதுரம் போதும், பின்னதற்கு மூன்றடி வேண்டும். என் இரண்டு படைகளும் ஒரு ஏ4 தாள் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. 28 மி.மீ.யில் ஒரு படைக்கே அவ்வளவு இடம் வேண்டும். மேலும் 28 மி.மீ. வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 12 அலகுகளோடு நிற்பதில்லை. ‘ஹெய்ல் சீசர்’ போன்ற விதிகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு காலாட்படைப் பிரிவுக்கே இருபது உருவங்கள் அளவுக்கு வேண்டும். பத்துப் பிரிவு கொண்ட படை இருநூறைத் தொடும். அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு லாபம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு படைகள் கையில் வந்துவிட்டால் மூன்றாவதும் நான்காவதும் பாதி தயாராகவே இருக்கும். பொலிபியஸ் சொல்வதன்படி கன்னே போரில் ஹன்னிபாலின் ஆப்பிரிக்க வீரர்கள் ரோமானியரிடம் பறித்த ஆயுதங்களோடு நின்றார்கள். என் ரோமானியக் காலாட்களில் சிலரை அப்படியே எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுகிறேன். கி.மு. 202-இல் ஸாமா போரில் நுமிடியத் தலைவர் மசினிஸ்ஸாவின் குதிரைப்படை ரோமானியர் பக்கம் போரிட்டது. கன்னேயில் கார்த்தேஜுக்காக ஓடிய அதே நுமிடியக் குதிரைகள் என் மேசையில் பக்கம் மாறுகின்றன. ஹன்னிபாலுக்காகத் தீட்டிய கெல்ட்டு வீரர்களோடு இன்னும் சில அலகுகளைச் சேர்த்தால் தனிப் படை ஆகிவிடுகிறது. அதைக் கொண்டு ரோமானியரும் கெல்ட்டுகளும் மோதிய கி.மு. 225 தெலமோன் போரை ஆடலாம். ஒரு மாசிடோனியப் படையைச் சேர்த்தால் கி.மு. 197-இன் கினோஸ்கெஃபலே, கி.மு. 168-இன் பித்னா என ரோமானியர் அவர்களோடு மோதிய இரண்டு போர்களும் வந்துவிடும். இந்தப் பெருக்கம் 28 மி.மீ.யிலும் நடக்கும்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு அடியும் ஒரு மழைக்காலத்தையே எடுத்துக்கொள்ளும்.

மழைக்காலம் என்றதும் பராமரிப்பு நினைவுக்கு வருகிறது. கடலோர ஈரக்காற்றில் தெளிப்பானால் அடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) மணல்போலப் படியும், மங்கல் வார்னிஷ் வெண்மையாகப் பனித்துவிடும். இது இரு அளவுக்கும் பொது, தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு. உலோக ஈட்டிகள் வளையும். வாங்கும்போதே மெல்லிய எஃகுக் கம்பியாக மாற்றிவிடுவது நல்லது. இதில் 28 மி.மீ. பிளாஸ்டிக்குக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆகவேண்டும். எடை குறைவு என்பதால் கீழே விழுந்தாலும் வண்ணம் அவ்வளவாகப் பெயர்வதில்லை.

தட்டுகள் விஷயத்தில் 15 மி.மீ. பக்கம் ஒழுங்கு அதிகம். அதே 40 மி.மீ. அகலத் தட்டை வைத்துக்கொண்டு டிபிஏ, டிபிஎம், ஃபீல்ட் ஆஃப் குளோரி, பிரெஞ்சுக்காரர் எர்வே காய் எழுதிய ‘லார் த லா கேர்’ எல்லாம் ஆடலாம். விதி மாறினால் உருவங்களைப் பெயர்த்து மறுபடி ஒட்டும் வேலை இல்லை. 28 மி.மீ. உலகம் தனித்தட்டு, கூட்டுத்தட்டு என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை: 15 மி.மீ. என்று விற்கப்படுபவற்றில் பல இப்போது 18-ஐ நெருங்குகின்றன. ஒரே தட்டில் இரண்டு நிறுவனத்தாரைக் கலக்க வேண்டாம்.

என் வாதம் தளரும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்களான ரோஜாப் போர்கள். 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் நின்ற இரு தரப்பும் ஒரே வகைக் கவசம், ஒரே வகை வில். மூன்றாம் ரிச்சர்டின் வெள்ளைப் பன்றி, ஹென்றி டியூடரின் சிவப்பு டிராகன் ஆகிய கொடிகளும் மேலாடை நிறங்களும் மட்டுமே வேறு. ஒரே வகைப் பெட்டியில் இரு படையையும் எடுத்துவிடலாம். சின்னங்களின் அழகும் பெரிய உருவத்தில்தான் விளங்கும். சிறுகுழு ஆட்டமான ‘சாகா’வுக்கும் 28 மி.மீ.தான் பொருத்தம். அதில் வழக்கமான 6 புள்ளிகளில், புள்ளிக்கு 4 மெய்க்காவலர் அல்லது 8 போர்வீரர் அல்லது 12 குடிப்படையினர் என்று எடுத்தால் இரு பக்கமும் முடிக்கக்கூடிய எண்ணிக்கைதான். 6 மி.மீ. அளவை நண்பரின் மேசையில் மட்டுமே ஆடியிருக்கிறேன். கூட்டத்தின் தோற்றத்தில் அது 15-ஐயும் மிஞ்சுகிறது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. முப்பரிமாண அச்சில் எடுத்த பிசின் உருவங்களையும் அண்மையில்தான் கையாளத் தொடங்கினேன். கைப்பட்டதும் ஈட்டிகள் ஒடிகின்றன. ஒரே கோப்பை எந்த அளவிலும் அச்சிடலாம் என்பதால் இந்த ஒப்பீடே நாளை மாறக்கூடும்.

‘நம் படைகள்?’ என்று கேட்பவர்களுக்கு: இந்த விதிகளின் படைப்பட்டியலில் தமிழர், சிங்களர் படைகளுக்கும் இடம் உண்டு. இப்போது அதற்கான யானைகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். பண்டைய இந்தியப் படை என்று விற்கப்படும் பொதுவான வில்லாளிகளையும் வாள்வீரர்களையும் 15 மி.மீ.யில் தயக்கமின்றி எடுத்துக்கொள்ள முடிகிறது. உடைக்கட்டிலும் தலைப்பாகையிலும் உள்ள வேறுபாடுகளை வண்ணத்திலேயே சரிசெய்துவிடலாம். 28 மி.மீ.யில் அந்த வேறுபாடுகள் கண்ணை உறுத்தும், பசைமண்ணால் செதுக்கித் திருத்த வேண்டியிருக்கும். எதிரே நிறுத்த ஒரு சிங்களப் படை வேண்டும். யானைகளும் வில்லாளிகளும் பொது என்பதால் அதிலும் பாதி இதே பெட்டியிலிருந்து வந்துவிடும்.