சுருக்கியா, மெம்பிரேனா: புதுப் பள்ளி மொட்டை மாடிக்கு எது?

புதுப் பள்ளிக் கட்டடத்தை ஜூன் திறப்புக்குள் முடித்துவிடத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதோ அக்டோபரில். தளம் ஒழுகுவது தெரியவரும்போது ஒப்பந்ததாரர் பில்லை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அதனால் ஒழுகாமல் இருக்க மாடித் தளத்தின் மேல் சுருக்கி போடுவதா, மெம்பிரேன் ஒட்டுவதா என்று பேசும்போதே, அதை யார் எப்போது சோதிப்பது என்பதையும் பேசிவிட வேண்டும்.

நம் ஊர்ப் பழைய வழி சுருக்கி. செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும்தான், மணல் கிடையாது. பொதுப்பணித்துறை விகிதம் கன அளவில் ஜல்லி 32-க்குச் சுண்ணாம்பு 12½. சராசரி 75 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அப்புறம் மேலே தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். பிள்ளைகள் ஓடியாடினாலும் தாங்கும். மேல்மாடி வகுப்பில் சூடும் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் தட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சுண்ணாம்புக்குப் பதில் சிமென்டைக் கலந்து, தட்டாமலே மூடிவிடுகிறார்கள். அதைச் சுருக்கி என்று பில்லில் எழுதுவது அநியாயம். எடையும் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். தள வடிவமைப்பிலேயே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவேளை ஒழுகினால், தண்ணீர் ஜல்லிக்குள் ஊர்ந்து எங்கோ ஒரு மூலையில் சொட்டும்.

மெம்பிரேன் என்பது 3 அல்லது 4 மி.மீ. கனமுள்ள தார்ச் சுருள். காஸ் பர்னரால் சூடுகாட்டி ஒட்டுவார்கள். எடை சொற்பம், சில நாளில் வேலை முடியும், தளத்தின் சிறு விரிசலுக்கும் ஓரளவு இழுபட்டுக் கொடுக்கும். மேலே ஒன்றும் போடாமல் விட்டால் வெயில் அதைத் தின்றுவிடும். சோலார் பேனல் மாட்ட வருபவர் டிரில்லை இறக்கினால் கதை முடிந்தது.

வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் வெயிலுக்கு நல்லது, ஒழுகலுக்கு மருந்தல்ல.

பணம் இடம் கொடுத்தால் கீழே மெம்பிரேன், மேலே சுருக்கி என்பேன். ஒன்றுதான் முடியும் என்றால், தட்டும் ஆள் கிடைக்கிற ஊரில் சுருக்கி.

சோதனை எதற்கும் ஒன்றுதான். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, 25 முதல் 50 மி.மீ. தண்ணீர் தேக்கி, 48 மணி நேரமாவது விட வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் குழாய் வாயைச் சுற்றியும் கீழிருந்து பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரரின் என்ஜினியரே பார்த்துக் கையெழுத்துப் போடுவது செலவில்லாத வழிதான். ஆனால் தன் வேலையில் யார் குறை சொல்வார்? பள்ளி நிர்வாகமே நேரடியாகச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைப்பது மேல். தண்ணீர் தேக்குவது சுருக்கிக்கும் தட்டோட்டுக்கும் முன்னால் நடக்க வேண்டும். பதித்த பிறகு ஒழுகினால், அத்தனையையும் பெயர்த்தால்தான் இடம் தெரியும்.