பல்ப் இதழா, பழைய பேப்பர்பேக்கா: எதில் தொடங்கலாம்?

பழைய மலிவுவிலைக் கதைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றுக்கு முதலிடம் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம், 1896-இல் தொடங்கி 1950-களில் அடங்கிப்போன அமெரிக்க பல்ப் இதழ்கள், அதாவது மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான கதை இதழ்கள். இன்னொரு பக்கம், 1935-இல் இங்கிலாந்தில் பென்குவினும் 1939-இல் அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸும் கிளப்பிவிட்ட பேப்பர்பேக் அலை, அதாவது மெல்லிய அட்டை போட்ட சிறிய மலிவுப் புத்தகங்கள். எழுத்தாளர்கள் பலர் இரண்டிலும் எழுதினார்கள், ஓவியர்கள் பலர் இரண்டுக்கும் அட்டை வரைந்தார்கள். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு, பாதுகாக்கும் முறை வேறு, பிறரோடு பண்டமாற்று செய்யும்போது வரும் சிக்கலும் வேறு.

என் கட்சி பேப்பர்பேக். சேர்த்தவற்றை எடுத்துப் படிக்க வேண்டும், மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்து வேறொன்று வாங்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அந்த இரண்டுக்கும் பேப்பர்பேக்தான் சுலபமாக இடம் கொடுக்கிறது. பல்ப் இதழ்கள் மேல் எனக்குப் பிரியம் குறைவில்லை. அவற்றைக் குறைவாக, தேர்ந்தெடுத்து வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில் பல்ப் இதழின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க் மன்சி தன்னுடைய 'ஆர்கஸி' இதழை 1896-இல் முழுக்க முழுக்கக் கதைகளாக மாற்றி, மிக மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டதிலிருந்து இந்த வகை பிறந்தது. சுமார் 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம், சீராக வெட்டப்படாத ஓரங்கள், உள்ளே சொரசொரப்பான தாள், வெளியே பளபளக்கும் வண்ண அட்டை. இந்த இதழ்களைச் சேர்க்கிறவர் கதையை மட்டும் சேர்ப்பதில்லை, அந்தக் கதை முதன்முதலில் வாசகர் கைக்குப் போன மாதத்தையே சேர்க்கிறார். டார்சான் முதன்முதலில் வந்தது 'ஆல்-ஸ்டோரி' 1912 அக்டோபர் இதழில், முழு நாவலும் ஒரே இதழில். டாஷியல் ஹாமெட்டின் துப்பறியும் நாவல் மால்டீஸ் ஃபால்கன் 'பிளாக் மாஸ்க்' இதழில் 1929 செப்டம்பர் முதல் 1930 ஜனவரி வரை ஐந்து பகுதிகளாக ஓடியது. அதை முழுமையாக வைத்திருக்க ஐந்து இதழ்கள் வேண்டும், ஐந்தும் நல்ல நிலையில் வேண்டும். பேப்பர்பேக்கில் அதே நாவல் ஒரு புத்தகத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த ஒரு புத்தகத்தில் கிடைக்காதது நிறைய இருக்கிறது. பெயர் மறந்துபோன எழுத்தாளர்களின் சிறுகதைகள், கோட்டோவியங்கள், விளம்பரங்கள், அப்புறம் வாசகர் கடிதங்கள். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் கடிதம் எழுதியவர்களின் முகவரியையும் சேர்த்தே அச்சிட்டார்கள். வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள், அறிவியல் புனைகதை ரசிகர் குழுக்கள் அப்படித்தான் முளைத்தன. அந்தக் கடிதப் பக்கத்தைப் படிக்கிற சுகத்தை எந்த மறுபதிப்பும் தருவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பேப்பர்பேக் போட்டிக்கே வர முடியாது.

சரி, பிறகு ஏன் பேப்பர்பேக்? முதல் காரணம் தாள். பல்ப் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும், தாள் செய்யும்போது சேர்த்த படிகாரத்தால் அமிலமும் ஏறியிருக்கும். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் தாள் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம் போல நொறுங்கும். அமிலநீக்கம் செய்தால் சிதைவின் வேகம் குறையும், போன பலம் திரும்பாது. நொறுங்கும் நிலையில் உள்ள இதழை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் இழக்கிறோம். அட்டை உள்தாளைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஓரங்கள் முதலில் கிழியும். முதுகுப் பகுதியில் தாள் துண்டு துண்டாக உதிரும். ஸ்டேபிள் துருப்பிடித்துக் கறை இறங்கும்.

பேப்பர்பேக்கின் தாளும் உயர்ந்ததல்ல, அதுவும் பழுப்பாகும். ஆனால் அளவு சிறியது, ஓரங்கள் சீராக வெட்டப்பட்டவை, கட்டு நெருக்கமானது. அதனால் காற்றும் வெளிச்சமும் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன. நடுப்பக்கம் பெரும்பாலும் நல்ல நிறத்தில் இருக்கும். அதற்கென்று வேறு வியாதிகள் உண்டு: பசை காய்ந்து முதுகு வெடிப்பது, ஒரே பக்கமாக மடித்துப் படித்ததால் புத்தகம் சாய்ந்துபோவது, பாக்கெட் புக்ஸின் தொடக்க கால அட்டைகளில் பளபளப்புப் படலம் உரிவது. இவை கண்ணை உறுத்தும், உண்மைதான். இருந்தாலும் பசை அறவே விட்டுப்போகாத வரை புத்தகத்தை மெதுவாகத் திறந்து படிக்கலாம்.

இரண்டாவது காரணம், பேப்பர்பேக் வெறும் மறுபதிப்பு என்ற எண்ணம் பாதிதான் சரி. தொடக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பென்குவினைத் தொடங்கிய ஆலன் லேன் ஆறு பென்ஸ் விலையில் கொண்டுவந்த முதல் பத்துப் புத்தகங்களும் ஏற்கனவே கெட்டி அட்டையில் வந்தவை. பாக்கெட் புக்ஸின் 25 சென்ட் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படியே. 1950-இல் ஃபாசெட் நிறுவனத்தின் கோல்ட் மெடல் வரிசை இதை மாற்றியது. ஃபாசெட் அப்போது வேறொரு பேப்பர்பேக் பதிப்பகத்துக்கு விநியோகஸ்தராக இருந்தது, போட்டியாக மறுபதிப்பு போடக்கூடாது என்று ஒப்பந்தம். மறுபதிப்புதானே கூடாது, புது நாவல் போடலாமே என்று இறங்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்த எத்தனையோ குற்றக்கதைகளுக்கு 25 சென்ட் பேப்பர்பேக்தான் உண்மையான முதல் பதிப்பு. 1952-இல் ஏஸ் பதிப்பகம் தொடங்கிய இரட்டைப் புத்தகங்களில் பலவும் அப்படித்தான்: ஒரு நாவலைப் படித்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு அட்டை, இன்னொரு நாவல். வில்லியம் பரோஸின் முதல் நாவல் 1953-இல் வில்லியம் லீ என்ற புனைபெயரில் இந்த வரிசையில்தான் வந்தது. இப்படிப்பட்ட பிரதியைக் கையில் வைத்திருப்பவர் பல்ப் சேகரிப்பாளருக்கு எந்த வகையிலும் குறைந்தவரில்லை.

பதிப்பை அடையாளம் காண்பதில் மட்டும் பல்ப் சுலபம். ஓர் இதழுக்கு ஒரே தேதி, அது அட்டையிலேயே இருக்கும். கனடா, பிரிட்டன் பதிப்புகள் சிலவற்றைத் தவிரக் குழப்பம் இல்லை. பேப்பர்பேக்கில் காப்புரிமைப் பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. எத்தனையாவது அச்சு என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். அது இல்லாத பதிப்பகங்களுக்கு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பகம் கொடுத்த வரிசை எண்ணும் அட்டை விலையும் கைகொடுக்கும். ஏஸ் புத்தகத்தில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தே விலைதான்: டி என்றால் 35 சென்ட், எஃப் என்றால் 40.

இதே வரிசை எண்தான் பண்டமாற்றிலும் பேப்பர்பேக்கின் பெரிய பலம். டெல் நிறுவனத்தின் வரைபட அட்டைகளை, அதாவது கதை நடக்கும் வீட்டையோ தீவையோ பின்னட்டையில் படமாக வரைந்த புத்தகங்களைச் சேர்க்கிறவர், தன்னிடம் இல்லாத எண்களை மட்டும் ஒரு பட்டியலாக அனுப்பினால் போதும். எதிராளி தன் பட்டியலை அனுப்புவார். இருவரிடமும் ஒரே புத்தகம் இரண்டு மூன்று பிரதிகளாகச் சேர்ந்திருக்கும், ஏனென்றால் இவை பெரிய எண்ணிக்கையில் அச்சானவை. எடை குறைவு, அஞ்சல் செலவு குறைவு, வழியில் ஒரு மூலை மடங்கினாலும் நட்பு முறியாது. முதுகில் மடிப்பு உண்டா, சாய்வு உண்டா, அட்டையில் பெயர் எழுதியிருக்கிறதா என்று மூன்று கேள்வியில் நிலைமை தெரிந்துவிடும்.

பல்ப் இதழை மாற்றிக்கொள்வதற்கு நிறைய நம்பிக்கை வேண்டும். படத்தில் அட்டை பிரமாதமாக இருக்கும், உள்ளே விளம்பரக் கூப்பனுக்காக ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும், அந்தப் பக்கத்தின் மறுபுறம் கதையின் உச்சக்கட்டம். பின்னட்டை வேறொரு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கலாம். விற்காத இதழ்களின் அட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிப் பணம் பெறும் வழக்கம் இருந்ததால், அட்டையில்லாத பிரதிகள் சந்தையில் உலவுகின்றன. அவற்றுக்கு நகல் அட்டை போடுகிறவர்களும் உண்டு. ஆகவே பக்கங்களை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், நேரடியாகக் கேளுங்கள். உள்தாளின் நிறம் தெரியும்படி நடுப்பக்கப் படம் கேளுங்கள். நல்ல சேகரிப்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். அரிதான இதழ் என்றால் கேள்விகளை இன்னும் கூட்ட வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழந்தாள் சேகரிப்பில் ஏராளமான பல்ப் இதழ்கள் கூழாகிப்போயின. மிஞ்சியதற்கு இருக்கும் மதிப்பே ஏமாற்றுகிறவர்களையும் இழுக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க, டாக் சாவேஜ் என்ற சாகச நாயகனின் பெயரிலேயே வந்த பல்ப் இதழ் நல்ல உதாரணம். 1933 முதல் 1949 வரை 181 இதழ்கள். பேண்டம் நிறுவனம் 1964-இல் அவற்றைப் பேப்பர்பேக்காகப் போடத் தொடங்கியது, ஜேம்ஸ் பாமாவின் அட்டை ஓவியங்கள் அந்த நாயகனுக்குப் புது முகமே கொடுத்துவிட்டன. 1990-இல் 181 நாவல்களும் முடிந்தன. முழு வரிசையையும் படிக்க ஆசைப்படுகிறவர் பேண்டம் பதிப்பைத் தேடட்டும், முடிக்கக்கூடிய வேலை அது. கூடவே ஒரே ஒரு பல்ப் இதழை வாங்கி, துணைக்கதைகளும் விளம்பரமும் எப்படி இருந்தன என்று பார்க்கட்டும். 181 பல்ப் இதழ்களையும் தேடிப் போகிற பாதையில் பணமும் இடமும் தீர்ந்துபோய், படிப்பதற்கு மனமே மிஞ்சாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டுக்கும் நடுவில் டைஜஸ்ட் இதழ்கள், அதாவது பல்பைவிடச் சிறிய அளவில் வந்த கதை இதழ்கள் இருக்கின்றன, பலர் கண்டுகொள்வதில்லை. அறிவியல் புனைகதை இதழான 'அஸ்டவுண்டிங்' 1943 நவம்பரில் சிறிய அளவுக்கு மாறியது. 'கேலக்ஸி' 1950-இல் பிறந்ததே அந்த அளவில்தான். இதழுக்குரிய எல்லாச் சுவையும் உண்டு, பேப்பர்பேக் அலமாரியிலேயே நிற்கும், பல்ப் அளவுக்கு நொறுங்குவதில்லை, தேடினால் கிடைக்கும். கடிதப் பக்கங்களுக்காக மட்டுமே பல்ப் பக்கம் போக நினைக்கிறவர் முதலில் இங்கே ஒரு பார்வை பார்க்கலாம். பழைய இதழை அப்படியே மறுபடி அச்சிட்ட நகல் பதிப்புகள் படிக்க நல்லவை, வாங்குங்கள். மாற்றுக்கு அனுப்பும்போது மட்டும் நகல் என்று எழுதி அனுப்புங்கள்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் பொதுவானது அதிகம். வெயில் படாத, ஈரமில்லாத, குளிர்ச்சியான இடம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது, பிவிசி உறை வேண்டவே வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். பல்ப் இதழுக்குக் கூடுதலாக அமிலமற்ற அட்டை பின்னால் வைக்க வேண்டும், உறையை மூடும் டேப் இதழை வெளியே எடுக்கும்போது அதன் மேலட்டையில் ஒட்டிக்கொள்ளாத மாதிரி பின்பக்கமாக ஒட்ட வேண்டும். பேப்பர்பேக்குகளை நிமிர்த்தி வைத்தால் போதும். விரலால் ஒன்றை உருவும்போது பக்கத்துப் புத்தகம் கூடவே வந்தால் வரிசை இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், இரண்டை எடுத்து அடுத்த தட்டில் வையுங்கள்.