அக்னிவீர் வேலை: யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. பட்டாளத்துக்குப் போகிறவர் எவரும் தானாக விண்ணப்பித்துப் போகிறவர்தான். எனவே தேசப்பற்றைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, என்ன தருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று மற்ற வேலைகளைப் போலவே இதையும் எடைபோடலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். பதினைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ், பிறகு ஆயுளுக்கும் பென்ஷன், கேன்டீன் கார்டு, குடும்பத்துக்கு மருத்துவம், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இன்னொரு அரசு வேலை. மாமாவோ அண்ணனோ இப்படி செட்டில் ஆனதைப் பார்த்துத்தான் பெரும்பாலான பையன்கள் விடியற்காலையில் ஓட ஆரம்பிக்கிறார்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் (இதில் சேருகிறவர்தான் அக்னிவீர்) சிப்பாய் வேலையில் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஓடுகிறவர்களில் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம். கைக்கு வருவது முதல் ஆண்டில் 21,000, கடைசி ஆண்டில் 28,000. நான்கு ஆண்டில் நம் பங்கு 5.02 லட்சம், அரசின் பங்கும் அதே அளவு, வட்டியோடு சுமார் 11.71 லட்சம். இதற்கு வருமான வரி இல்லை. 48 லட்சம் ஆயுள் காப்பீடும் உண்டு. அதற்குப் பிரீமியம் நாம் கட்ட வேண்டியதில்லை. சாப்பாடு, தங்குமிடம், சீருடைக்குச் செலவில்லை என்பதால், பத்தொன்பது வயசுக்காரன் சிக்கனமாக இருந்தால் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பலாம். இதுவரை நல்ல விஷயம்.

பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, அந்த நான்கு ஆண்டில் செய்துகொள்ளவும் கூடாது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. 'நான் அந்த நால்வரில் ஒருவன்' என்று நம்பிப் போகலாம். அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. பலர் கவனிக்காத இன்னொன்று: நிரந்தரமாகிறவருக்கும், சிறப்பு அனுமதி பெற்று நடுவில் விலகுகிறவருக்கும் சேவா நிதியில் சொந்தப் பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான். அரசின் பங்கு, நான்கு ஆண்டு முடித்து வெளியேறுகிறவருக்கு மட்டுமே.

தேர்வு முறையைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2023 முதல் கணினித் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. கட்டணம் 250 ரூபாய். ஜெனரல் டியூட்டி (சாதாரண சிப்பாய்) பிரிவுக்கு பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் கழியும். தேர்வு இப்போது தமிழிலும் எழுதலாம். இது பெரிய உதவி. இந்தி தெரியாததால் கேள்வியே புரியவில்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

மைதானத்தில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். அடுத்த 15 விநாடிக்குள் வந்தால் 48. 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று என்றால் சுற்றுக்கு 82 விநாடி. கூட்டமாக ஓடவிடுவதால் முன்னால் போகும் அவசரத்தில் முதல் சுற்றை 70-இல் ஓடிவிட்டு, மூன்றாவதில் கால் கனத்து உட்காருகிறவர்கள்தான் அதிகம். முதல் சுற்றை 80-க்குக் கீழே ஓடாமல் பழக வேண்டும். அடுத்து புல்-அப்ஸ்: பத்து எடுத்தால் 40, ஒன்பது என்றால் 33, ஆறு என்றால் 16. தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும். காலை உதறி ஆட்டி ஏறினால் எண்ண மாட்டார்கள். தினமும் காலையில் ஓட்டம், சாயங்காலம் கம்பி என்று பிரித்துப் பழகுகிறவர் ரேலியில் (ஆள்சேர்ப்பு முகாமில்) ஏமாறுவார், ஏனென்றால் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடிக்க வேண்டும். ஓடி முடித்த கையோடு தொங்கிப் பழகுங்கள். 9 அடி பள்ளத்தைத் தாண்டுவதிலும் ஜிக்ஜாக் கட்டையில் நடப்பதிலும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை.

நம் பகுதிக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77, விரித்தால் 5 கூட வேண்டும். முட்டி தட்டுவது, தட்டைப் பாதம், நிறக்குருடு ஆகியவற்றை ஆறு மாதம் பயிற்சி எடுத்த பிறகு மருத்துவ அறையில் தெரிந்துகொள்வது வீண். ஓடத் தொடங்கும் முன்பே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காது அழுக்கைச் சுத்தம் செய்துகொண்டு போங்கள். கழுத்தில், தோளில் பச்சை குத்தியிருந்தால் கதை முடிந்தது.

தமிழ்நாட்டுக்கே உரிய தொல்லை இனிஷியல். மார்க்‌ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் செல்வம்' என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றுக்கும் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்தான் அளவுகோல். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரை அதன்படி திருத்திவிடுங்கள்.

என் கணிப்பில், பதினெட்டு வயதில் பிளஸ் டூ முடித்து, 22-இல் கையில் பதினொரு லட்சத்தோடு கல்லூரிக்கோ போலீஸ் தேர்வுக்கோ தொழிலுக்கோ போகத் தயாராக இருப்பவருக்கு இது நல்ல வேலை. துணைராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடும் உண்டு. இருபத்தோரு வயதில், வீட்டுக்கு நிரந்தர வருமானம் தேடி, டிப்ளமா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவருக்கு இது ஒத்துவராது. அவர் டிப்ளமாவை முடிக்கட்டும். துணைராணுவத் தேர்வுகளை நேரடியாக எழுதட்டும்.

பயிற்சி மையத்தில் சேர்வதென்றால் அளந்து போட்ட 400 மீட்டர் டிராக் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆள் இருக்கிறார், உள்ளே போட்டுத் தருகிறோம்' என்றாலோ, அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாலோ அங்கே சேராதீர்கள்.