கண் மருத்துவ பி.ஜி. சீட்: எந்த இடத்தில் கை பழகும்?

நீட் பி.ஜி. முடித்துக் கண் மருத்துவத்தை எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘எம்.எஸ்.ஸா, டி.என்.பி.யா’ என்றுதான். எம்.எஸ். மருத்துவக் கல்லூரிப் பட்டம், டி.என்.பி. தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம். இரண்டும் மூன்று வருடம். இரண்டிலும் தீசிஸ், லாக்புக், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் உண்டு. பட்டத்தின் பெயரில் அவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் பிரதான இருக்கை உங்களுக்கு எப்போது கிடைக்கும், பக்கத்து இருக்கையில் யார் இருப்பார், தவறு நடந்தால் அதைச் சரிசெய்யும் வேலை யார் கைக்குப் போகும்? சீட்டின் மதிப்பை இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் எடை போட வேண்டும். தமிழ்நாட்டில் கிடைக்கும் இடங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் அரசு நிறுவனங்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் அங்கேதான் உருவானது. இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனையில் நோயாளிகளை யாரும் வடிகட்டி அனுப்புவதில்லை. வயலில் நெல் தாள் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வருபவர், பட்டாசு வெடித்துக் கண் கிழிந்தவர், பழுத்து வீங்கிய புரையால் அழுத்தம் ஏறி வலியில் துடிப்பவர் எல்லோரும் நேராக டியூட்டியில் இருக்கும் பி.ஜி.யிடம் (மேற்படிப்பு மாணவரிடம்) தான் வருவார்கள். கருவிழிப் புண்ணைச் சுரண்டி எடுத்து, பூஞ்சையைத் தெளிவாகக் காட்டும் 10 சதவீதக் கே.ஓ.எச். கரைசல் விட்டு, தானே ஸ்லைடைப் பார்த்து, பூஞ்சை இழையைக் கண்டு பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்தான நாட்டமைசின் 5 சதவீதத்தைத் தொடங்கும் பழக்கம் இந்த மாதிரி இடத்தில்தான் வரும். பூஞ்சைப் புண்ணுக்கு, குறிப்பாக ஃபுசேரியம் வகைக்கு, வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நாட்டமைசினே மேல் என்று 2013-ல் காட்டிய மட் ஆய்வு அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. அதனால் தமிழ்நாட்டில் படிக்கிறவருக்கு இது வீட்டுப் பாடம். அரசு இடங்களின் குறை வேறு. ஒரு டேபிளுக்குப் பல பேர் காத்திருப்பார்கள். பல கல்லூரிகளில் ஃபேகோ மெஷின் (புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் கருவி) பி.ஜி. கைக்கு வருவதே இல்லை.

அடுத்தது பெரிய டிரஸ்ட் மருத்துவமனைகள். மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்தும், சென்னையில் 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் இந்த வகை. இவற்றில் அரவிந்தின் பெரும் பலம் எண்ணிக்கையும் ஒழுங்கும். ஒரு சர்ஜனுக்கு இரண்டு டேபிள் இருக்கும். ஒன்றில் ஆபரேஷன் முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். ஒரே படியை ஒரே நாளில் பல முறை பார்ப்பதால் கண்ணுக்குத் தாளம் பிடிபடுகிறது. கற்பவருக்கு இது பெரிய கொடை. ஆனால் எல்லா சூப்பர் ஸ்பெஷாலிட்டியும் தனித்தனியாக இயங்கும் இடத்தில், ஒரு நோயாளியை முதல் நாளிலிருந்து கடைசி வரை ஒரே பி.ஜி. பார்ப்பது அபூர்வம். ரொட்டேஷன் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கிளினிக்கிலும் எத்தனை வாரம் என்று பாருங்கள்.

மூன்றாவது, டி.என்.பி. சீட் உள்ள நடுத்தரத் தனியார் மருத்துவமனைகள். இங்கே எல்லாமே ஒன்றிரண்டு கன்சல்டன்ட்களின் மனத்தைப் பொறுத்தது. பணம் கட்டி வரும் நோயாளியின் கண்ணை பி.ஜி.யிடம் கொடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே கிராம முகாம் நடத்தி இலவச நோயாளிகளை அழைத்து வருகிறார்களா என்பதே முதல் கேள்வி. முகாம் இல்லாத இடத்தில் மூன்று வருடமும் அசிஸ்ட் செய்தே கழியும்.

ஆபரேஷன் பயிற்சிக்கு வருவோம். மேற்படிப்பின் நெஞ்சு இதுதான். அமெரிக்காவில் பயிற்சி முடிக்க, பிரதான சர்ஜனாகக் குறைந்தது 86 புரை ஆபரேஷன் வேண்டும். பிரிட்டனில் 350. நம் ஊரில் கடைசி வருட பி.ஜி. ஒருவர், தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்த எஸ்.ஐ.சி.எஸ். (ஃபேகோ மெஷின் இல்லாமல் சிறு கீறல் வழியாகச் செய்யும் புரை ஆபரேஷன்) நூறைத் தொட்டிருந்தால் அந்த இடம் நல்ல இடம் என்பது எங்கள் கணிப்பு. ஐம்பதுக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். ‘எத்தனை கேஸ்’ என்று மட்டும் கேட்காதீர்கள். லென்ஸ் மட்டும் வைத்ததையும் லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) ஒரு கேஸாக எழுதுவார்கள்.

நல்ல பயிற்சியில் படிகளைப் பின்னாலிருந்து முன்னால் கொடுப்பார்கள். முதலில் எளிய தயாரிப்பு வேலைகள்: கண்ணை மரக்க வைக்கும் பெரிபல்பார் ஊசி, வெள்ளை விழியை மூடும் கஞ்சங்டைவா சவ்வைத் திறப்பது, ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி. பிறகு கடைசிப் படிகள்: கண்ணுக்குள் விட்ட விஸ்கோ ஜெல்லைக் கழுவுவது, லென்ஸ் வைப்பது. அதற்குப் பிறகு சிம்கோ கானுலா என்ற உறிஞ்சு குழாயால் கார்டெக்ஸை (புரையின் மென்மையான வெளிப் பகுதியை) எடுப்பது. டனல் (கண்ணுக்குள் போகும் சுரங்கக் கீறல்), ரெக்சிஸ் (லென்ஸ் உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறப்பது), நியூக்ளியஸை (புரையின் கடினமான நடுப்பகுதியை) வெளியே கொண்டுவருவது எல்லாம் கடைசியில்தான். காரணம் எளிது: முன் படியில் விழும் தவறு பின்னால் வரும் அத்தனை படியையும் கெடுக்கும். பின் படிகள் கைக்கு வந்தபின் டனலைத் தொட்டால் பயம் பாதியாகக் குறையும்.

டனலில் என்ன கெடும் என்பதை எந்த இடம் உட்கார்ந்து விளக்குகிறது என்று கவனியுங்கள். கருவிழியின் ஓரமான லிம்பஸுக்கு 1.5 முதல் 2 மி.மீ. பின்னால், 6 முதல் 6.5 மி.மீ. அகலத்தில் ஃப்ரௌன் (கவிழ்ந்த வாய் போன்ற) வடிவக் கீறல், ஸ்க்லீராவின் (வெள்ளை விழியின்) பாதி ஆழம். பிறகு வளைந்த கிரசென்ட் பிளேடால் தெளிந்த கருவிழிக்குள் 1 முதல் 1.5 மி.மீ. வரை போக வேண்டும். மேலோட்டமாகப் போனால் மேல் மடல் ஓட்டையாகும். அதைக் கண்டதும் அங்கேயே நிறுத்தி, மறு ஓரத்திலிருந்து சற்று ஆழமாகப் புதிய தளம் எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் ஆன்டீரியர் சேம்பருக்குள் (கருவிழிக்குப் பின்னுள்ள முன் அறைக்குள்) முன்கூட்டியே நுழைந்துவிடும், ஐரிஸ் (கண்ணின் நிறத் திரை) வெளியே வந்துகொண்டே இருக்கும். தொடக்கக்காரர் பெரும்பாலும் தடுக்கி விழுவது பிளேடின் குதிகாலைத் தூக்குவதால்தான். ஸ்க்லீராவின் வளைவைப் பின்பற்றாமல் நேராகத் தள்ளினாலும் இதே கதி. உள் வாய் வெளி வாயைவிட அகலமாக, 7 முதல் 8 மி.மீ. இல்லாவிட்டால் நியூக்ளியஸ் சிக்கும். சிக்கியதை வெக்டிஸ் என்ற வளையக் கருவியால் இழுத்தால் எண்டோதீலியம் (கருவிழியின் உள் செல் அடுக்கு) உரசும், மறுநாள் கருவிழி வெள்ளையாக வீங்கியிருக்கும். மழுங்கிய கெரடோம் பிளேடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) கருவிழியின் உட்பக்கத்து டெஸிமெட் சவ்வு உரிவதைப் பார்க்கலாம். பிளேடுகளைக் கேஸ் கணக்கில் மாற்றுகிறார்களா என்று ஓ.டி. சிஸ்டரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பி.சி. ரென்ட் (லென்ஸ் உறையின் பின்பக்கம் கிழிவது) ஆனபோது என்ன நடக்கிறது என்பது அடுத்த சோதனை. பி.ஜி.யை எழுப்பிவிட்டு சீனியர் உட்கார்ந்து முடித்துவிடுவது வழக்கம். நோயாளிக்கு அது நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் அந்த வீடியோவை இருவரும் சேர்ந்து பார்க்காவிட்டால் கற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. மைக்ராஸ்கோப்பில் கேமரா இருக்கிறதா, முன்னால் வந்துவிடும் விழிக்கூழை வெட்டி எடுக்கும் ஆன்டீரியர் விட்ரெக்டமி கட்டர் அதே ஓ.டி.யில் தயாராக இருக்கிறதா, சர்வதேசக் கண் மருத்துவக் கவுன்சிலின் (ஐ.சி.ஓ.) ஆஸ்கர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புகிறார்களா? அந்தப் படிவம் ஒவ்வொரு படியையும் நான்கு படிநிலைகளில் மதிப்பிடுகிறது. ‘நல்லா பண்ணினே’ என்பதைவிட ‘ஹைட்ரோவில் (நீர் பாய்ச்சிப் புரையை உறையிலிருந்து பிரிப்பதில்) நீ இன்னும் தொடக்கநிலை’ என்று எழுதித் தருவது ஆயிரம் மடங்கு உதவும்.

வெட் லேப் (விலங்குக் கண்ணில் ஆபரேஷன் பழகும் கூடம்) இல்லாத இடத்தை எடுக்காதீர்கள். ஆட்டுக் கண் போதும், கறிக்கடையில் அன்றே வாங்கலாம். தெர்மோகோல் தலையில் குண்டூசியால் பொருத்தி, தளர்ந்திருந்தால் பார்வை நரம்பு வழியாக சலைன் ஏற்றி இறுக்க வேண்டும். டனலுக்கும் 10-0 நைலான் தையலுக்கும் அருமையான பொருள். ரெக்சிஸுக்கு மட்டும் எச்சரிக்கை: ஆட்டின் கேப்சூல் தடித்து இழுபடும், அதில் பழகிய விசையை மனிதக் கண்ணில் போட்டால் ஓரத்துக்கு ஓடிவிடும். சிமுலேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் ஐசி (Eyesi) என்ற கண் ஆபரேஷன் சிமுலேட்டர் பரவலான காலத்தில், முதல் இரு வருடப் பயிற்சியாளர்களின் பி.சி. ரென்ட் விகிதம் 2009-ல் 4.2 சதவீதமாக இருந்தது 2015-ல் 2.6 ஆகக் குறைந்தது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் 50 பயிற்சியாளர்களை வைத்து நடந்த ஒலிம்பிக்ஸ் ஆய்வும் எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் சிமுலேஷன் பயிற்சிக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் மெஷின் பூட்டிய அறையில் இருந்தால் பயனில்லை. சாவி யாரிடம், மாலை ஆறு மணிக்கு மேல் திறப்பார்களா என்று கேளுங்கள்.

கத்தி பிடிப்பதிலேயே மயங்கி, ரெஃப்ராக்ஷனை (கண்ணாடிப் பவர் பார்ப்பதை) ஆப்டோமெட்ரிஸ்டிடம் விட்டுவிடும் இடங்களும் உண்டு. அதை ஏற்கக் கூடாது. 66 செ.மீ. தூரத்திலிருந்து ரெட்டினோஸ்கோபி (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் அளப்பது) பார்த்தால் 1.5 டயாப்டர் கழிக்க வேண்டும், பாவையை விரிக்கும் அட்ரோபின் மருந்து போட்டிருந்தால் இன்னும் 1. இந்தக் கணக்கு விரல் நுனியில் இல்லாதவர் குழந்தைக்குத் தப்பான கண்ணாடி எழுதுவார். வைக்கப்போகும் லென்ஸின் பவரைக் கணக்கிட கண்ணை அளக்கும் பயோமெட்ரியும் அப்படியே. அல்ட்ராசவுண்டால் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் புரோபால் கருவிழியை 0.1 மி.மீ. அழுத்தினாலே லென்ஸ் பவர் கால் டயாப்டர் தவறும், 1 மி.மீ. என்றால் இரண்டரைக்கும் மேலே.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனை இன்னொரு ஓட்டை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன், அல்லது 1200 கிராமுக்குக் கீழ் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. நியோநேட்டல் ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) பக்கத்தில் இல்லாத தனிக் கண் மருத்துவமனையில் படிப்பவருக்கு இது பார்க்கக் கிடைப்பது கடினம். மெடிக்கல் காலேஜ் சீட்டுக்கு இதில் தெளிவான முன்னிலை.

ஆக, யாருக்கு எது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தனியாக நின்று வேலை செய்ய நினைப்பவர் அரசு சீட்டை எடுத்து, பிறகு ஃபேகோ ஃபெலோஷிப் போகலாம். ரெட்டினா, கார்னியா என்று முன்பே முடிவு செய்தவருக்கு டிரஸ்ட் மருத்துவமனை. ஆபரேஷனைவிடத் திட்டமிடுதலில் ஆர்வம் உள்ளவர், பி.ஜி. முடித்தபின் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் நடத்தும் கண் நலப் பொதுச் சுகாதார எம்.எஸ்சி.யைப் பார்க்கலாம். ஒரு வருடப் படிப்பு, செலவு கனமானது, உதவித்தொகை இல்லாமல் போக வேண்டாம். அங்கிருந்து 1988 முதல் வரும் கம்யூனிட்டி ஐ ஹெல்த் இதழை இலவசமாகப் படிக்கலாம். முதல் வருட பி.ஜி.க்கே அது புரியும்.

சீட் உறுதியானதும் மூன்று பொருள் சொந்தமாக வாங்கிவிடுங்கள்: ஸ்ட்ரீக் ரெட்டினோஸ்கோப், விழித்திரையைப் பார்க்க உதவும் 20 டி லென்ஸ், 90 டி லென்ஸ். வார்டு லென்ஸில் கீறல் இருக்கும், வேண்டிய நேரத்தில் வேறொருவர் கோட் பையில் இருக்கும். லென்ஸை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றினால் போதும்.