பாலக் கீரையில் இலைப்புள்ளி: மருந்தா, காற்றோட்டமா, விதைநேர்த்தியா?

பசுமைக்குடிலில் பாலக் கீரை வளர்ப்பவர் இலையில் புள்ளியைக் கண்டதும் பூஞ்சைக்கொல்லியைத் தேடுவது இயல்பே. ஆனால் சிங்கப்பூரின் ஈரப்பதத்தில், இலையை உலர்வாக வைத்திருப்பதற்கே முதலில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வழியானாலும் நோயை முதலில் உருப்பெருக்கியில் பார்த்துவிட வேண்டும். ஸ்டெம்ஃபிலியம் என்ற பூஞ்சை தாக்கிய இடம் வெளிர்பழுப்பாகிக் காகிதம்போல் காய்ந்திருக்கும். கிளாடோஸ்போரியம் என்ற மற்றொரு பூஞ்சை என்றால் புள்ளியின் நடுவே கரும்பச்சை வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) படர்ந்திருக்கும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயில் புள்ளிக்குள் பொடிப்பொடியான கருந்துகள்கள் தெரியும். இலையின் அடிப்பக்கம் சாம்பலும் ஊதாவுமாகப் பூத்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சை அன்று என்பதால், அதை எதிர்க்கும் ரகத்தை வாங்கியவர் இலைப்புள்ளிக்கும் தீர்வு கிடைத்துவிட்டதாக நம்பிவிடக் கூடாது.

பூஞ்சைக்கொல்லி புதிய இலைகளைக் காக்குமே தவிர, வந்த புள்ளியை அழிக்காது. தக்காளியின் இலையில் சில புள்ளிகள் இருந்தாலும் பழத்தை விற்றுவிடலாம். இங்கோ இலையே விளைபொருள். ஏறக்குறைய 30 முதல் 45 நாளில் அறுவடையாகும் பயிரில், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்புக் காலம் பெரிய இடையூறாகிவிடுகிறது.

காற்றோட்டமோ நோயின் வேரையே தொடுகிறது. இலைமேல் நீர்ப்படலம் பல மணி நேரம் நீடித்தால்தான் பெரும்பாலான வித்துகள் முளைத்து உள்ளே நுழையும். இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் இவ்வூரில், மாலையில் மேலிருந்து நீர் தெளித்தால் விடியும்வரை இலை காயாது. தெறிக்கும் துளிகள் வித்துகளை அடுத்த செடிக்கும் கொண்டு செல்கின்றன. காலையில் நீர் விடுவதற்குக் கூடுதல் செலவே இல்லை. சொட்டுநீர்க் குழாய்க்கும் மின்விசிறிக்கும் பணம் தேவைதான். எனினும் அவை ஒவ்வொரு பயிருக்கும் உதவுகின்றன. நெருக்கமாக விதைத்த இளங்கீரைப் பாத்தியில் சொட்டுநீர் ஒத்துவராது; அங்கே அடியிலிருந்து நீர் ஏறும் தட்டுகளே மேல்.

விதையோடு வரும் நோயை ஒடுக்க, விதைக்குமுன் விதையைப் பக்குவப்படுத்தும் விதைநேர்த்தி மலிவானது, ஆனால் அரைகுறையானது. 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைப்பது வழக்கமான முறை. கிளாடோஸ்போரியம் இதற்கு எளிதில் அடங்கும்; விதைக்குள் புகுந்த ஸ்டெம்ஃபிலியம் முழுதாகப் போகாது. சூடு சற்றே மிஞ்சினாலும் முளைப்புத்திறன் குறையும். ஆகவே பரிசோதிக்கப்பட்ட விதையை வாங்குபவர் இதைத் தவிர்க்கலாம். விதையின் பூர்வீகம் தெரியாதவர் செய்தே ஆக வேண்டும்.