மூன்று கதவு, ஒரு சேஃப்டி ரிலே: ஆறு வருட அனுபவம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் ஒரு மல்டி ஸ்பிண்டில் டிரில்லிங் எஸ்பிஎம் (ஒரே வேலைக்கென்று செய்த மிஷின்) இருக்கிறது. வார்ப்பிரும்பு கேசிங்கில் ஒரே நேரத்தில் எட்டுத் துளை போடும். மூன்று பக்கம் கதவு, நான்கு இடத்தில் எமர்ஜென்சி ஸ்விட்ச். 2018-ல் வந்தபோதே சேஃப்டி ரிலேயோடு வந்தது. கதவு, ஸ்விட்ச் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் மிஷினை ஓட விடும் ரிலே அது.

எங்கள் பழைய மிஷின்களில் எமர்ஜென்சி ஸ்விட்ச் நேராக காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்து விடும் ஸ்விட்ச்) காயிலோடு சீரிஸில் இருக்கும். காண்டாக்டர் உள்ளே ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சை எவ்வளவு அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. புது மிஷினில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு என்சி காண்டாக்ட் (சாதாரணமாக மூடியே இருப்பது), ரிலேக்குப் போகும் இரண்டு தனிச் சேனல். அமுக்கினால் இரண்டும் திறக்க வேண்டும். ஒன்று மட்டும் திறந்தால் மிஷின் நிற்கும், ஆனால் ரிலே ரீசெட் ஆகாது, மறுபடி ஓட விடாது. மோட்டாருக்கும் இரண்டு காண்டாக்டர் வரிசையாக. அவற்றின் என்சி காண்டாக்ட் ரீசெட் லைனில் திரும்பி வரும்; ஒரு காண்டாக்டர் ஒட்டியிருந்தாலும் அந்த லைன் சேராது, ரீசெட் ஆகாது.

இந்தத் திரும்பி வரும் லைன்தான் இரண்டாம் வருடம் எங்களைக் காப்பாற்றியது. நைட் ஷிஃப்டில் ரீசெட் எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். பேனலைத் திறந்தால் ஒரு காண்டாக்டர் வெல்ட் ஆகி இருந்தது. இன்னொன்று ஒழுங்காக விட்டதால் மோட்டார் நின்றிருக்கிறது. பழைய வயரிங்காக இருந்தால் அந்தக் கோளாறு எப்போது, எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

ஆனால் கதவு விஷயத்தில் ரிலே ஏமாந்தது. மூன்று கதவிலும் காந்தத்தால் வேலை செய்யும் ரீட் ஸ்விட்ச். மூன்றையும் சீரிஸில் கோத்து ஒரே ரிலேக்குக் கொடுத்திருந்தார்கள். நான்காம் வருடம் ஆபரேட்டர் ஒருவர் சொன்னார்: "அண்ணா, பின்கதவைத் திறந்து மூடினா சில நேரம் ரீசெட் வராது. முன்கதவை ஒரு தடவை திறந்து மூடுங்க, வந்துடும்." எல்லா ஷிஃப்டிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நானும் கதவு சரியாக உட்காரவில்லை போல என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வைத்துப் பார்த்தேன். பின்கதவு ஸ்விட்சில் இரண்டாவது காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு எப்போதும் மூடியே இருந்தது. பின்கதவைத் திறந்தால் முதல் சேனல் மட்டும் விடும். ரிலே சந்தேகப்பட்டு ரீசெட் மறுக்கும். சரி, அதன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் முன்கதவைத் திறந்ததும் இரண்டு சேனலும் விட்டுவிடும். மூடியதும் இரண்டும் சேரும். ரிலேக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கோளாறு அங்கேயே இருக்க, அதன் தடயம் மட்டும் அழிந்துவிடும். இதை ஃபால்ட் மாஸ்கிங் என்பார்கள். ஐஎஸ்ஓ டிஆர் 24119 என்ற சர்வதேச அறிக்கை முழுக்க இதைப் பற்றித்தான் இருந்தது. மீதி இருந்த ஒரு காண்டாக்டும் ஒட்டியிருந்தால், கதவு திறந்திருக்க எட்டு ஸ்பிண்டிலும் சுற்றியிருக்கும். அந்தக் கதவு வழியாகத்தான் ஹெல்பர் கையை விட்டு பிசிர் தள்ளுவார்.

மூன்று கதவுக்கும் ஆர்எஃப்ஐடி ஸ்விட்ச் (கதவில் உள்ள டேக்கை ரேடியோ அலையால் படிப்பது) மாற்றினோம். ஒவ்வொன்றும் தன் இரண்டு அவுட்புட்டையும் தானே சோதித்துக்கொள்ளும், அதனால் சீரிஸில் கோத்தாலும் கோளாறு மறையாது. எந்தக் கதவில் பிரச்சனை என்று அதன் எல்இடியே காட்டிவிடும். டேக்கில் ரகசிய எண் போல ஒரு குறியீடு இருப்பதால், சும்மா ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்றுகிற வேலையும் நின்றது. விலை பழையதைவிடப் பல மடங்கு. கீல் தொய்ந்து கதவு இறங்கினால் சும்மா சும்மா டிரிப் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் எனக்கு மறு யோசனை இல்லை.

எமர்ஜென்சி ஸ்விட்சில் ஒன்று சொல்ல வேண்டும். பட்டனுக்குப் பின்னால் மாட்டும் காண்டாக்ட் பிளாக் அதிர்வில் கழன்று பேனலுக்குள் தொங்கினால், என்சி மூடியபடியே இருக்கும். பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டு சேனலும் ஒரே பிளாக் தொகுதியில் இருந்தால் ரிலேக்கும் தெரியாது. பிளாக் கழன்றதும் தானே லைனைத் துண்டிக்கும் செல்ஃப் மானிட்டரிங் வகை கிடைக்கிறது. லோடிங் பக்கம் இருந்த இரண்டையும் மாற்றிவிட்டேன், மீதி இரண்டு அடுத்த ஷட்டவுனில்.

பாதுகாப்பு அமைப்பு எவ்வளவு நம்பகமானது என்பதை பிஎல் (ஏ முதல் ஈ வரை, ஈ-தான் உச்சம்) என்றும், அதன் சர்க்யூட் அமைப்பைக் கேட்டகிரி என்றும் பிரிப்பார்கள். அபூர்வமாகத் திறக்கும் கதவுகளை பிஎல் ஈ என்றால் மாதம் ஒருமுறை, கேட்டகிரி 3-ல் பிஎல் டி என்றால் வருடம் ஒருமுறையாவது திறந்து சோதிக்கச் சொல்கிறார்கள். எங்களுடையது பிஎல் டி. நாங்கள் மாதம் முதல் திங்கள் செய்கிறோம்: ஒரு கதவைத் திறந்து மூடி, ரீசெட் எடுத்து, மிஷினை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த கதவு. ரீசெட் ஒருமுறை தயங்கினாலும் வேறு கதவைத் தொடாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று பேனல் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.