தோள் நோவுக்கு கிளினிக்கா, சைக்கிள் ரியூப்பா?

கரப்பந்தில் இடதுபக்கம் நின்று அடிக்கிறவன் நான். பதினைந்து வருடம் வலது கையால் அடித்த பிறகு, போன காலபோக விதைப்புக்குச் சற்று முன்னர், கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே தோளின் முன்பக்கம் கொழுவிப் பிடிக்கத் தொடங்கியது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. விசுவமடுவில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: எண்ணெய் போட்டு உருவு, தோளுக்கு ஸ்டீரொயிட் ஊசி போடு, கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சிக்குப் போய் பிசியோ செய். நான் பிடித்துக்கொண்டது நாலாவது வழி. கிளினிக்கில் ஒழுங்காகப் பழகிக்கொண்டு, மிச்சத்தை வீட்டு வேப்பமரத்தில் கட்டிய சைக்கிள் ரியூப்பில் செய்தேன். அதன் பக்கம்தான் என் மனம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் உருவுவது இதமாக இருக்கும். இறுகிய தசை இளகும், அன்றிரவு நித்திரை வரும். ஆனால் அதனால் தசைக்குப் பலம் ஏறாது.

ஊசி விரைவாகக் கேட்கும், அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. நோ அடங்கியதும் மறுகிழமையே மைதானத்தில் இறங்கி முழுப்பலத்தோடு அடிக்கத் தோன்றும். தசைநாரோ அதற்குள் தேறியிருக்காது. இங்கிலாந்தில் தோள் நோ உள்ள 708 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு எட்டாம் கிழமையில் சிறிது ஆறுதல் தெரிந்தது. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் பார்த்தபோது போடாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு பகுதியினர் ஆறு தடவை வரை பிசியோவிடம் போய்ப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் ஒரேயொரு தரம் போய் விளக்கம் கேட்டு, பயிற்சியை வீட்டில் செய்தார்கள். வருடம் முழுவதும் கணக்குப் பார்த்தபோது இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தேறியிருந்தார்கள். அவர்கள் விளையாட்டு வீரர்களாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர், சாதாரண மக்கள். ஆகவே முழுப்பலத்தோடு பந்தை அடிக்கும் தோளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன். ஆனாலும் ஏ35 வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்று, பரந்தனால் சுற்றி, ஒரு நாள் கூலியை இழந்து போய்வருகிற ஒருவனுக்கு இது சின்ன விசயமில்லை.

இந்தத் தெரிவில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: விடாமல் செய்ய முடியுமா? தசைநார் பலப்பட ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். முதலில் நானும் கிளினிக்குக்குத்தான் போனேன். மூன்றாம் கிழமை மழை பிடித்தது, வயலில் விதைப்புத் தொடங்கியது, இரண்டு தவணை தவறியது. அதற்குப் பிறகு போக வெட்கமாக இருந்தது. அங்கிருந்த பிசியோ அக்காவே ஒருநாள் சொன்னா: "தம்பி, மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டினால் காணும். மிச்சம் உம்மட கையில." கிளினிக்கின் பெரிய நன்மை, நீங்கள் பிழையாகச் செய்வதை உடனே திருத்த ஆள் இருப்பது. அதனால்தான் முதல் நாளைத் தவறவிடக்கூடாது.

வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தோள்மூட்டு சிறு தட்டில் வைத்த பெரிய பந்து மாதிரி. அந்தப் பந்தை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். பந்தை அடித்த பிறகு பாய்ந்து போகும் கைக்கு பிரேக் பிடிப்பவை அவற்றில் பின்பக்கத் தசைகள். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி, இடையில் துவாயைச் சுருட்டி வைத்து, ரியூப்பை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும், திரும்பி வரும்போது இன்னும் மெதுவாக விட வேண்டும். பதினைந்து தரமாக மூன்று சுற்று. பிறகு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து இழுப்பது. நோ பத்துக்கு மூன்று, நாலைத் தாண்டாமல் மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம், அடங்காவிட்டால் அடுத்த நாள் குறைக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் வைத்து இழுப்பது இரண்டாம் மாதத்தில், நின்று போடும் சேவிஸ் அதற்குப் பிறகு, பாய்ந்து அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ரியூப்பையும் பராமரிக்க வேண்டும். சைக்கிள் திருத்தும் கடையில் கழித்ததை வாங்கி நீளவாக்கில் வெட்டினால் இழுவை குறையும். பிறகு மடித்துத் தடிப்பாக்கிக் கூட்டலாம். வன்னி வெயிலில் மரத்திலேயே விட்டால் ரப்பர் வெடித்துவிடும். எனக்கு ஒருநாள் முகத்துக்கு நேரே அறுந்தது. இப்போது செய்து முடித்ததும் கழற்றி உள்ளே வைக்கிறேன்.

வராமல் தடுக்கவும் இதே வழிதான். நோர்வேயில் 660 கைப்பந்து (ஹாண்ட்போல்) வீரர்களை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு மூன்று தரம் பத்து நிமிடப் பயிற்சியை உடல்சூடேற்றலோடு சேர்த்த அணிகளில் தோள் பிரச்சினை 28 சதவீதம் குறைவாக இருந்தது. எங்கள் பெடியளும் இப்போது வலை கட்டுவதற்கு முன் இதைச் செய்கிறார்கள்.

தோள் கழன்றாலோ, விழுந்த உடனே கையைத் தூக்க முடியாமல் போனாலோ, கை விறைத்தாலோ ரியூப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஊரில் இழுத்துப் பொருத்தவும் விடாதீர்கள், நரம்பு பாதிக்கப்படலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். ஈட்டி எறிபவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் எறிந்ததில்லை. எனக்குப் பன்னிரண்டாம் கிழமை முதல் தரமாகப் பாய்ந்து அடித்தபோது தோள் கொழுவவில்லை.